எங்கட பூட்டியை ஒரு எச்சில் குழாய் அழிக்கேலாது

முந்தநாள் குடும்பக் குழுவில நடந்ததைப் பாத்தவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கனடாவில இருக்கிற பெரியம்மாட மகன் தன்ட டி.என்.ஏ முடிவைப் போட்டார். தென்னிந்தியா, இலங்கை எண்டு நிறம் தீட்டின வரைபடம். அம்மம்மாட தாய், எங்கட பூட்டி, இலங்கையிட ஆதிக்குடிகளான வேடர் எண்டது எங்கட வீட்டுக் கதை. அந்த வரைபடத்துக்குக் கீழ ஒரு வரி: "பூட்டி வேடர் எண்ட கதை இண்டையோட முடிஞ்சுது." அதுக்கு எத்தினை பேர் கைதட்டினீங்க! அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்ல.

முடியேல்ல அண்ணா. சோதனையில வராத ஆள் இல்லாத ஆளாகிட மாட்டா. கம்பனி தன்னட்ட இருக்கிற மாதிரிகளோட உங்கட எச்சிலை ஒப்பிட்டுத்தான் வீதம் போடுது. மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் அந்த மாதிரிகளுக்குள்ள இல்லாட்டி, அவங்கட பங்கும் கிட்டத்துச் சனத்திட பேரிலதான் விழும். பூட்டிட பங்கு சராசரியா 12.5 வீதம். அதுவும் ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். கூடப்பிறந்த ரெண்டு பேருக்கே ஒரே முடிவு வராது.

"ஆதாரம் காட்டு" எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார். எதைக் காட்டுறது? 2006ல சண்டைக்குள்ள சம்பூரில இருந்து ஓடேக்க அம்மம்மாட ட்ரங்குப் பெட்டி வீட்டோட போச்சு. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், இருந்த ஒரே படம் எல்லாம் அதுக்குள்ள. மிஞ்சினது அம்மம்மாட வாய்ச்சொல் மட்டும்தான். சாகிறதுக்கு முந்தின வருசம், என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு தன்ட தாயைப் பற்றிச் சொன்னா. காட்டில கிழங்கு கிண்டினது, தேன் எடுத்தது, கரையில ஒரு மரத்தடியில செத்தவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. சொல்லி முடிச்சிட்டு, "வெளியில சொல்லிப்போடாத பிள்ளை" எண்டா. அந்தப் பயத்தைத்தான் நீங்க முந்தநாள் திரும்பக் கொண்டுவந்தீங்க.

விஞ்ஞானத்துக்கு எதிரி எண்டு என்னைச் சொல்லாதீங்க. சுனாமிக்குப் பிறகு கல்முனையில "81ஆம் இலக்கக் குழந்தை" எண்டு சொல்லப்பட்ட பிள்ளையை 2005ல தாய் தகப்பனிட்ட சேர்த்தது டி.என்.ஏ சோதனைதான். பிள்ளை ஆற்ற எண்டு அது சொல்லும். தொலைஞ்ச மச்சானைக் கண்டுபிடிச்சுத் தரும். ஒரு சனத்தை இல்லையெண்டு சொல்ல அதால ஏலாது. மானிடவியல் ஆராய்ச்சி செய்த செலிக்மன் தம்பதி கிழக்குக் கரையோர வேடரைப் பற்றி 1911லயே எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. இண்டைக்கும் அவங்க மூதூர், வாகரைப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு எங்களுக்குள்ளதான் இருக்கிறாங்க.

எச்சில் குடுக்க முந்தி யோசிக்கச் சொன்னதுக்கும் எனக்குப் பேச்சு விழுந்தது. 2023ல 23அண்ட்மீ எண்ட டி.என்.ஏ சோதனைக் கம்பனியில இருந்து ஏறக்குறைய 69 இலட்சம் பேரிட விபரம் களவு போனதை வச்சுத்தான் சொன்னன்.

ஆனா என்னைக் குத்தினது அதில்ல. "இப்பிடி எழுதினா உன்ட மகளுக்குச் சம்பந்தம் வருமா?" எண்டு ஒரு மாமி கேட்டா. வராட்டிப் போகட்டும் மாமி! பூட்டியை ஒளிச்சு வச்சுக்கொண்டு வாற சம்பந்தம் என்ட பிள்ளைக்கு வேண்டாம். அவ பெத்து வளர்த்ததாலதானே நாங்க எல்லாரும் இந்தக் குழுவில இருக்கிறம்?

அண்ணா, தாய் வழியா மட்டும் வாற மைட்டோகொண்ட்ரியா டி.என்.ஏ எண்டு ஒண்டு இருக்கு. பூட்டி அம்மம்மாக்குக் குடுத்தா, அம்மம்மா பெரியம்மாக்குக் குடுத்தா, பெரியம்மா உங்களுக்குத் தந்திருக்கிறா. எனக்கும் அதேதான் அம்மாட்ட இருந்து வந்தது. நீங்க முடிஞ்சுது எண்டு எழுதின கை அவட கை.

பூட்டியைக் கண்ணால கண்ட கடைசி ஆள் பெரியம்மா. 84 வயசு. உங்கட வீட்டிலதான் இருக்கிறா. எச்சிலைத் தபாலில போட முந்தி, பக்கத்து அறைக்குப் போய் அவவிட்ட ஒருக்கா கேட்டீங்களா?