டிஃபிப்ரிலேட்டர் வாங்கினால் மட்டும் போதாது, பீரோவுக்கு வெளியே இருக்க வேண்டும்

வேலூரில் இதய நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், “நமக்கென்ன கவலை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்காக ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர் இது. அந்தத் தெம்பு இருக்கத்தான் செய்யும். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கோ இதயம் திடீரென்று நின்றுபோனால், முதல் பத்து நிமிடத்துக்கு இந்த ஆஸ்பத்திரிகளால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பள்ளிகளில் டிஃபிப்ரிலேட்டர், அதாவது தாறுமாறான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி, வேண்டும் என்கிறேன்.

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலியோடு பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். திடீர் இதயநிறுத்தத்தில் அந்த அவகாசம் கிடையாது. பெரும்பாலும் இதயத்தின் மின்துடிப்பு தாறுமாறாகி, அது ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியும் கிடைக்காமல், மின்னதிர்ச்சியும் தாமதமானால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சாயங்கால நெரிசலில் கிரீன் சர்க்கிளைக் கடந்தவர்களுக்கு, 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியும்.

பிள்ளைகளுக்கு இது வருவது அபூர்வம்தான், மறுக்கவில்லை. பிறவியிலேயே இதயத்தசை தடித்திருக்கலாம், மின்கடத்தலில் கோளாறு இருக்கலாம், வேகமாக வந்த பந்து நெஞ்சில் பட்டே நின்றுபோகலாம். வெளியே ஓர் அடையாளமும் இல்லாத, குறுவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓடுகிற பிள்ளையாகக்கூட இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மட்டுமான இடமா? ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்கள், சத்துணவு சமைக்கும் அம்மாக்கள், பேரனைக் கூப்பிட வரும் தாத்தா, காலையில் மைதானத்தில் நடக்க வருகிறவர்கள், தேர்தல் நாளில் வெயிலில் வரிசையில் நிற்பவர்கள். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கருவியால் பிழைக்கப்போகிறவர்களில் பெரியவர்களே அதிகம் இருப்பார்கள்.

இப்போது ஒருவர் பள்ளியில் விழுந்தால் என்ன நடக்கிறது? சுற்றிக் கூட்டம் கூடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். இதயம் நின்ற உடனே சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும், அதை வலிப்பு என்று நினைத்து உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அப்புறம் வாயைத் திறந்து விட்டு விட்டு இழுக்கும் மூச்சு. “மூச்சு இருக்குப்பா, ஒண்ணும் ஆகாது” என்று எல்லோரும் ஆறுதல் அடைவார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்றபிறகும் உடம்பு கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். உலுக்கிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே 108க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி. அதற்குள் இன்னொருவர் ஓடிப்போய்க் கருவியை எடுத்து வரவேண்டும்.

அந்தக் கருவியை ஒரு முதலுதவிப் பயிற்சியில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டிபன் கேரியரைவிடப் பெரிதில்லை. திறந்து பொத்தானை அழுத்தியதும் அதுவே பேசுகிறது. ஒட்டும் பட்டை இரண்டு. ஒன்று வலது கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. எங்கே ஒட்டுவது என்று பட்டையிலேயே படம் போட்டிருக்கிறது. ஒட்டியதும் “யாரும் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு இதயத்துடிப்பைப் படிக்கிறது. அதிர்ச்சி தேவை என்றால் மட்டும்தான் கொடுக்கும். நன்றாக இருப்பவருக்குத் தெரியாமல் ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம், கருவி விடாது. எனக்கிருந்த ஒரே குறை, நான் பார்த்தது ஆங்கிலத்தில் பேசியது. நம் பள்ளிகளுக்குத் தமிழில் பேசுவதாகக் கேட்டு வாங்க வேண்டும். பதற்றத்தில் யாரும் மொழிபெயர்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

2021 யூரோ கோப்பையில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்ததைப் பலர் நேரலையில் பார்த்திருப்பீர்கள். அங்கேயே சி.பி.ஆர்., அங்கேயே அதிர்ச்சி. அவர் பிழைத்ததோடு திரும்ப வந்து பந்தும் ஆடினார். இங்கிலாந்தில் 2011இல் ஒரு 12 வயதுப் பையன் பள்ளி நீச்சல் போட்டியில் இதயம் நின்று இறந்துபோனான். அவனுடைய அப்பா ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, 2023க்குள் அந்நாட்டு அரசு தன் பள்ளிகளுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைக் கொடுத்து முடித்தது.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நினைவில்லாமல் கிடப்பவர் மாத்திரை விழுங்க முடியாது.

ஒரு கருவி ஒரு லட்சம் ரூபாய் சுமாருக்கு வரும். எல்லாப் பள்ளிக்கும் நாளைக்கே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதலில் மேல்நிலைப் பள்ளிகள். அதிலும் வேலூர் நகரத்துக்கு முன்னால் ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம், பீஞ்சமந்தை மாதிரி ஆம்புலன்ஸ் மலையேறி வரவேண்டிய ஊர்கள். குறுவட்ட, மாவட்டப் போட்டி நடக்கிற மைதானத்தில் கட்டாயம் ஒன்று.

பணம்கூடப் புரட்டிவிடலாம். முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், தோல் தொழிற்சாலை முதலாளிகள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை பீரோதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், அரசுப் பள்ளிக்கு விலையுயர்ந்த பொருள் எது வந்தாலும் முதலில் இருப்புப் பதிவேட்டில் ஏறும், அடுத்து தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போகும். மைக்ரோஸ்கோப் அட்டைப்பெட்டி பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. காணாமல் போனால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே? சாவி அவரிடம், அவர் மீட்டிங்குக்காக முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீஸ் போயிருப்பார்.

அதனால் கருவியோடு ஓர் அரசாணையும் வரவேண்டும். பூட்டில்லாத பெட்டியில், எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் மாட்ட வேண்டும். திருடு போனால் தலைமையாசிரியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. திறந்தால் அலறுகிற பெட்டிகள் இருக்கின்றன, அது போதும். பட்டைகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, அதை மாற்றும் செலவை ஆண்டு மானியத்திலேயே சேர்த்துவிட வேண்டும். சாலை விபத்தில் உதவுகிறவருக்கு 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. பள்ளியில் உதவுகிற ஆசிரியருக்கும் அதே மாதிரி தெளிவாக எழுதித் தரவேண்டும். உடற்பயிற்சி சொல்லித்தரும் பி.இ.டி. சாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து நிறுத்தாமல், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சி.பி.ஆர். சொல்லிக்கொடுக்கலாம். அதற்குக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப்போகிறேன். குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் சொன்னால் தீர்மான வாசகத்தை அனுப்புகிறேன், உங்கள் பள்ளிப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டு பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.