கல்னா நேத்தா, நாளைக்கா?

எனக்கு 52 வயசு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு ஜவ்வரிசி மண்டியில கணக்கு எழுதறேன். போன மாசம் ஒரே ஒரு வார்த்தையால வாங்கிக் கட்டிக்கிட்ட கதையில இருந்து ஆரம்பிக்கறேன்.

இந்தூர் பார்ட்டி ஒருத்தர் பாக்கி விஷயமா போன் பண்ணி "கல் பேஜ் தியா"ன்னார். கல்னா நாளைக்கு, எனக்குத் தெரியாததா? "நாளைக்கு அனுப்பறாராம்"னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு நானே போன் போட்டு, கொஞ்சம் சூடாவே கேட்டேன். மனுஷன் பொரிஞ்சு தள்ளிட்டார். பணம் எங்களோட இன்னொரு பேங்க் கணக்குல ரெண்டு நாள் முன்னாடியே ஏறியிருக்கு. இந்தியில நேத்துக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். கடைசியில 'தியா'ன்னு வந்தா நடந்து முடிஞ்சது, 'தூங்கா'ன்னு வந்தா இனிமே நடக்கப் போறது. நான் தலையைக் கேட்டுட்டு வாலை விட்டுட்டேன்.

(இந்தி எதுக்குன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. எங்கப்பா 1965ல ஊர்வலம் போனவர். திணிச்சா நானும் போவேன். ஆனா நம்ம குச்சிக்கிழங்குல வர்ற ஜவ்வரிசியை நாம பாயசத்துல ஒரு கைப்பிடி போடறதோட சரி. மகாராஷ்டிராவுலயும் மத்தியப் பிரதேசத்துலயும் விரதம்னா சாபூதானா கிச்சடிதான். நவராத்திரி நெருங்கினா அங்கிருந்து போன் ஓயாது.)

கத்துக்கறதுல என் பலம் ஒண்ணே ஒண்ணு. கேக்கறதுக்குக் கூச்சமே கிடையாது. சின்னப் பசங்ககிட்டக் கூட உக்காந்து கேப்பேன். இந்தி அரைக்கணக்கு அப்படி வந்ததுதான். நமக்கு ஒன்றரை, ரெண்டரை, மூன்றரைன்னு ஒரே சீராப் போகும். அவங்களுக்கு ஒன்றரை 'டேட்', ரெண்டரை 'டாயி', மூணுக்கு அப்புறம்தான் 'சாடே தீன்', 'சாடே சார்'னு ஒழுங்குக்கு வரும். 'டாயி சௌ'ன்னா 250 மூட்டை. இதை விளங்க வச்சது லோடு ஏத்த வந்த ஒரு லாரி டிரைவர். தள்ளுவண்டியில தட்டுவடை வாங்கி, பேப்பர் மேல முழுசா ஒண்ணு, உடைச்ச பாதி ஒண்ணு வச்சு "டேட்"னார். இன்னொரு முழுசைப் பக்கத்துல நகர்த்தி "டாயி"ன்னார். சட்னி தடவாத வெறும் தட்டுவடை. பாடம் முடிஞ்சதும் ரெண்டு பேருமா பாடத்தைத் தின்னுட்டோம்.

அது ஒண்ணு நின்னுச்சு. மத்ததெல்லாம்? எக்செல்ல பிவட் டேபிளை மககிட்ட நாலு தடவை கத்துக்கிட்டாச்சு. "அப்பா, போன தீபாவளிக்கும் இதையேதான் சொல்லிக் குடுத்தேன்"ங்கறா. பீரோவுல ஏழெட்டு நோட்டு கிடக்கு. முதல் பத்துப் பக்கம் மணிமணியா எழுத்து, அப்புறம் வெள்ளை, பின்னட்டையில பால் கணக்கு. பள்ளிக்கூடத்துல படிச்சப்போ இந்திப் பிரச்சார சபா பரீட்சை, பிராத்மிக், பாஸ் பண்ணினவன் நான். இன்னிக்கு ஒரு இந்தி போர்டைப் படிக்கச் சொன்னா முழிக்கறேன்.

ரொம்ப நாள் இதைச் சோம்பல்னே நினைச்சுட்டிருந்தேன். இப்ப அப்படித் தோணலை. கேக்க ஆள் இருக்குங்கற தைரியத்துலதான் மறக்கறேன். கூச்சப்படறவன், இன்னொரு தடவை போய் நிக்கணுமேங்கற பயத்துலயே மனசுல இறுக்கிப் பிடிச்சுக்குவான். எனக்கு அந்தப் பயம் இல்லை. இதுல இன்னொரு கூத்து, தெரியும்னு நினைச்ச இடத்துல நான் கேக்கறதே இல்லை. கல்லுல தடுக்கினது அங்கதான்.

எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, தன்னைத்தானே சோதிச்சு, 1885லயே புத்தகம் போட்டுட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளயே பாதிக்கு மேல போயிடுதாம். அர்த்தமே இல்லாத அசையை அவர் யாருகிட்டப் போய்க் கேப்பார்? மறுபடி தானே உருப்போட்டாத்தான் உண்டு. "தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்க"ன்னு சொல்றவங்களை விட இவரைத்தான் எனக்குப் பிடிக்குது. ஒதுக்கச் சொல்றவங்க மார்ச் மாசம் எங்க மண்டியில வந்து ஒதுக்கிக் காட்டட்டும்.

அதனால கேக்க முடியாத மாதிரி ஒரு ஆட்டம் வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் வண்டியில ஏற்காடு போவோம். 20 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவுக்கு 21, இருபதாவதுக்கு 40. வளைவு முடியறதுக்குள்ள இந்தியில சத்தமாச் சொல்லிரணும். "ஏங்க, ரோட்டைப் பாருங்க"ங்கறது அவ பங்கு. 9லயும் 19லயும் மாட்டிக்குவேன். 29 'உன்தீஸ்', 39 'உன்தாலீஸ்'. முப்பதுக்கு ஒண்ணு கம்மி, நாப்பதுக்கு ஒண்ணு கம்மின்னு எண்ணறாங்க. நாம சிரிக்க முடியாது. நம்ம தொண்ணூறு மட்டும் என்னவாம்? எண்பது வரைக்கும் பத்து பத்தா வந்துட்டு, திடீர்னு நூறைப் பிடிச்சுத் தொங்குது.

போன வாரம் இறங்கும்போது தலைகீழா 40, 39னு வந்தேன். 19ஐத் தாண்டியாச்சு. ஒன்பதாவது வளைவுல எதிர்ல பஸ், நாக்கு ஒட்டிக்கிச்சு. பின்னாடி இருந்து "உன்தீஸ்"னு குரல். அவ இந்தியில ஒரு எழுத்துப் படிச்சதில்லை. அஞ்சாறு வாரமா என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து காதுல வாங்கினதுதான்.

நான் கேக்கலை, அவளாத்தான் சொன்னா. ஆனாலும் அந்த வளைவு செல்லாதுங்கறா.