பையைச் சுமந்தவர்களின் அகஸ்டா

ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஞாயிறு மாலை முடிகிற மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழிகளை நம் ஊரில் அந்நேரத்தில்தான் பார்க்க முடியும். ராணிப்பேட்டையில் டேனரி வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கோல்ஃப் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. என்னை அந்த ஆட்டத்தின் பக்கம் இழுத்தது ஒரு கையுறை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோல்ஃப் கையுறைக்கென்று பதப்படுத்திய செம்மறியாட்டுத் தோல் ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "முதுகுப் பக்கம் நல்லா இருக்கு, வயித்துப் பக்கம் இழுவ குடுக்கும், அத விரலுக்கு வெட்டிடாதீங்கப்பா" என்றார். கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கையுறையை அணிந்து ஆடுபவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அப்பாவைப் போலவே கையாலும் காலாலும் தொழிலை அறிந்தவர்களை, மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் வரலாற்றில் கண்டேன். அவர்கள் கேடிகள், அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு உடன் நடப்பவர்கள்.

அகஸ்டா முழுக்க முழுக்கத் தனியார் கிளப். ஃப்ரூட்லேண்ட் என்ற பழைய நாற்றுப்பண்ணை நிலத்தில் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸும் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும் அதை உருவாக்க, அலிஸ்டர் மெக்கன்சி ஜோன்ஸுடன் சேர்ந்து மைதானத்தை வடிவமைத்தார். 1934 இல் நடந்த முதல் போட்டியில் ஹார்ட்டன் ஸ்மித் வென்றார். போரினால் 1943 முதல் 1945 வரை போட்டி நடக்கவில்லை; அந்தக் காலத்தில் புல்வெளியில் மாடுகளும் வான்கோழிகளும் வளர்க்கப்பட்டன. வென்றவருக்குப் பச்சைக் கோட்டு அணிவிக்கும் வழக்கம் 1949 இல் வந்தது. இவையெல்லாம் எந்தக் கட்டுரையிலும் கிடைக்கும்.

1935 இல் 15 ஆம் குழியில், பந்தை ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டியதை ஜீன் சரசென் இரண்டே முறை அடித்து முடித்தது இன்றும் பேசப்படுகிறது. அவர் எந்த மட்டையை எடுத்தார், பந்து எத்தனை கஜம் பறந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் நின்றவரைப் பற்றிக் கேட்டால், ஸ்டோவ்பைப் என்ற பட்டப்பெயரோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாக் நிக்லாஸ் அங்கே வென்ற ஆறு பட்டங்களில் ஐந்தில் அவருடைய பையைச் சுமந்தவர் வில்லி பீட்டர்சன். நிக்லாஸை அறிந்த நம் ஊர் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

1982 வரை அந்தப் போட்டியில் ஆடியவர்கள் அனைவரும் கிளப்பின் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கேடிகளோ கறுப்பினத்தவர்கள். பை சுமக்க அவர்கள் வேண்டும், ஆடுவதற்கு மட்டும் 1975 இல் லீ எல்டர் வரும்வரை ஒரு கறுப்பினத்தவருக்கும் இடமில்லை, உறுப்பினராவதற்கோ 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967 இலும் 1969 இலும் பெரிய தொழில்முறைப் போட்டிகளை வென்ற சார்லி சிஃபோர்டுக்கு அழைப்பே வரவில்லை. அழைப்பது கிளப்பின் உரிமை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உலகமே பார்க்க ஒரு போட்டியை நடத்துகிறவர்கள் யாரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதற்கு உலகத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

1983 இல் விதி மாறி, ஆட்டக்காரர்கள் தங்கள் கேடிகளை அழைத்து வரலாம் என்றானது. அதை வெறும் முன்னேற்றமாக எழுதிவிட்டுப் போவதும் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த மண்ணின் ஏற்ற இறக்கங்களைப் பாதத்தால் அறிந்திருந்த உள்ளூர்க்காரர்கள் பலரின் பிழைப்பும் அதோடு போயிற்று. தப்பி நின்றவர்களில் ஒருவர் கார்ல் ஜாக்சன். 1961 இல் பதினான்கு வயதில் தொடங்கி 54 மாஸ்டர்ஸ் போட்டிகளில் பை சுமந்தவர். 1995 இல் அவர் பை சுமந்த ஆட்டக்காரர் பென் கிரென்ஷா, தன் ஆசான் ஹார்வி பெனிக்கின் அடக்கத்துக்குப் போய்விட்டு, ஆட்டமும் தடுமாறிய நிலையில் களமிறங்கினார். பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, தோளை இறுக்கமாகத் திருப்பும்படி முன்னதாகவே சொல்லிக் கொடுத்தவர் ஜாக்சன்தான். வென்றதும் குனிந்து அழுத கிரென்ஷாவை அவர் தாங்கிப் பிடித்த படத்தை என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

நம் நாட்டிலும் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991 இலும், சி. முனியப்பா 2009 இலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார்கள். தமிழில் கோல்ஃப் பற்றி எழுதுபவர்கள் இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்த ஏப்ரலில் பார்ப்பவர்கள் அகஸ்டா கேடிகளின் வெள்ளை அங்கியைக் கொஞ்சம் கவனியுங்கள். மார்பில் ஓர் எண் இருக்கும். முதுகில் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் இருக்கும். அது அவருடைய பெயரல்ல, ஆட்டக்காரரின் பெயர்.