பத்து நிமிட டெஸ்ட் டிரைவும் மூன்றரை டன் வண்டியும்

"மோட்டார்ஹோம் வாங்கலாம்னு இருக்கேன், கியர் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா?" என்று, படுக்கையும் சமையலறையும் உள்ள அந்த நடமாடும் வீட்டு வண்டியைப் பற்றி யாராவது கேட்டால் போதும், நாலு பேர் வந்து குதித்துவிடுவார்கள். "எங்க காரே ஆட்டோதான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்பார் ஒருத்தர். "கியர் போடத் தெரியாதவன்தான் ஆட்டோ வாங்குவான்" என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேர் மனசிலும் இருப்பது ஆயிரத்து முந்நூறு கிலோ கார். கேட்டவர் வாங்கப்போவதோ மொத்த எடை 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட வண்டி. தண்ணீர் நிரப்பி, கேஸ் சிலிண்டர் வைத்து, சைக்கிள் மாட்டி, ஆளும் ஏறினால் அந்த எல்லையை முட்டிக்கொண்டு நிற்கும். இதற்குக் கார் அனுபவத்தை வைத்து அறிவுரை சொல்ல எப்படி மனசு வருகிறது?

நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது எல்லா கியர்பாக்ஸும் நல்ல கியர்பாக்ஸ்தான். அதன் குட்டு உடைவது நடை வேகத்தில், பின்பக்கமாக, ஏற்றத்தில். மோட்டார்ஹோமின் பிழைப்பே அங்கேதான். முகாம் இடத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், ஈரப்புல்லில் நகர்த்த வேண்டும், சரிவான இடத்தில் வண்டியை மட்டப்படுத்த ஆப்பு மேல் ஏற்ற வேண்டும். விற்கிறவர் கொடுக்கும் டெஸ்ட் டிரைவில் இதில் ஒன்றாவது உண்டா? காலி வண்டி, சமதளச் சாலை, பத்து நிமிடம், ஒரு யு-டர்ன், "எப்படி சார், ஸ்மூத்தா இருக்கா?" அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 225/75 ஆர் 16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் உருளும். ரிவர்ஸ் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்த விகிதம் 18, அதாவது எஞ்சின் 18 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 850 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 850 சுற்று) ஐட்லிங் ஓட, கிளட்சை முழுசாக விட்டால் வண்டி மணிக்கு ஆறரை கிலோமீட்டரில் பின்னால் போகும். பக்கத்தில் மரம், பின்னால் கம்பம், மேலே கிளை என்று இருக்கும் இடத்தில் ஆறரையில் யார் போவது? ரெண்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் போவீர்கள். அப்படியென்றால் நகரும் நேரம் முழுக்க ஹாஃப் கிளட்ச். அதுவே பத்து சதவீத ஏற்றமாக இருந்து, எஞ்சினை 1,200 ஆர்பிஎம்மில் வைத்தால், கிளட்ச் பிளேட்டில் உருவாகும் வெப்பம் ஏழு கிலோவாட்டைத் தாண்டும். ஏழு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் அந்தத் தட்டின் மேல் வைத்த மாதிரி. அரை நிமிடத்தில் வாடை வரும். காரில் இதே வேலைக்கு இதில் பாதி சூடுகூட வராது, எடையே பாதிக்கும் கீழேதானே.

இந்த வெப்பம் எங்கே போகிறது என்பதைக் கேட்காமல் ஆட்டோவா மேனுவலா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

இங்கேதான் எனக்குக் கொதிப்பு வருகிறது. விளம்பரத்தில் "ஆட்டோமேட்டிக்" என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். எது ஆட்டோமேட்டிக்? எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரா, இல்லை ஏஎம்டியா? ஏஎம்டி என்பது உள்ளே அச்சு அசல் மேனுவல் பெட்டி. அதே ஒற்றைக் காய்ந்த கிளட்ச், அதே பிளேட். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் பம்பும் கம்ப்யூட்டரும் கிளட்சை மிதிக்கும், அவ்வளவே. அந்த ஏழு கிலோவாட்டு இங்கேயும் பிளேட்டுக்குத்தான் போகும். உங்கள் காலுக்காவது ஒரு நிதானம் இருக்கும். பின்னால் கம்பம் இருப்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பழைய வண்டி பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் அதிகம் புழங்கும் ஃபியட் டுக்காட்டோ வேனில் முன்பு வந்த "கம்ஃபர்ட்-மேட்டிக்" ஆறு கியர் ஏஎம்டி. 2019-இல் அறிமுகமான மாடலில் அதை எடுத்துவிட்டு ஒன்பது கியர் டார்க் கன்வர்ட்டர் பெட்டி வைத்தார்கள். இவெகோ டெய்லி வேனிலும் இதே கதை: "அஜைல்" என்றால் ஏஎம்டி, 2014-இல் வந்த "ஹை-மேட்டிக்" என்றால் எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர். ஒரே வண்டி, ஒரே பெயர், விளம்பரத்தில் ஒரே வார்த்தை, உள்ளே சம்பந்தமே இல்லாத ரெண்டு இயந்திரங்கள். விற்கிறவரைக் கேட்டால் "ஆட்டோதாங்க" என்று மறுபடியும் அதையே சொல்வார். அவரை நம்ப வேண்டாம், லீவரைப் பாருங்கள். பார்க்கிங்குக்கான "பி" நிலை இல்லையென்றால் பெரும்பாலும் ஏஎம்டிதான்.

ஏஎம்டி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சமவெளியில் ஓட்டுபவருக்கு அது போதும், டீசலையும் வீணாக்காது. ஆனால் அதை ஓட்ட ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. கியர் மாறும் கணத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் தலை முன்னால் ஆடாது. ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலரேட்டரால் நிறுத்திப் பிடிக்கவே கூடாது, ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஆப்பு மேல் ஏற்ற ரெண்டு முறை முயன்றும் ஏறவில்லையா, எஞ்சினை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மூன்றாவது முயற்சியில்தான் பிளேட் கருகும். எச்சரிக்கைச் சத்தம் வந்த பிறகும் மிதிப்பவர்கள்தான் பிறகு "ஆட்டோவே மோசம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

பழைய ஏஎம்டி வாங்கும்போது எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல், ரிவர்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பம்ப் "ர்ர்ர்" என்று ஓடினால் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யூமுலேட்டர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச் மாற்றிய வண்டி என்றால், மாற்றிய பின் கம்ப்யூட்டருக்குப் புதுக் கிளட்சின் பிடிப்புப் புள்ளியைக் கற்றுக்கொடுத்தார்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் கொடுத்தால் புதுக் கிளட்சும் குதிக்கும்.

டார்க் கன்வர்ட்டரில் வெப்பம் எண்ணெய்க்குப் போகிறது, எண்ணெய் கூலருக்குப் போகிறது. நடை வேகத்தில் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே பிளேட் இல்லை. புறப்படும்போது முறுக்குவிசையை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கியும் தரும். கனமான வண்டிக்கு இதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானம். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் கிட்டத்தட்ட எல்லாமே இதுதான் என்பதால் அங்கே இந்தச் சண்டையே கிடையாது.

ஆனால் இதிலும் ஒரு புளுகு உண்டு: "ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்." யார் ஆயுள் முழுக்க? பெட்டியைத் தயாரிக்கும் ஜெட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மோட்டார்ஹோம் அந்தக் கிலோமீட்டரை எட்டவே எட்டாது, எட்டு வருடம் மட்டும் ஓடிப்போகும். மீட்டரைக் காட்டி "இன்னும் தேவையில்லை" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, வடிகால் திருகைக் கழற்றினால் பாதி எண்ணெய்தான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். அளவு பார்ப்பதும் குத்துமதிப்பு வேலை இல்லை. ஜெட்எஃப் எட்டு கியர் பெட்டியில் வண்டி மட்டமாக நிற்க, எஞ்சின் ஓட, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பார்க்க வேண்டும். சூடாக வந்த வண்டியை அப்படியே தூக்கிப் பார்க்கும் பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

நீண்ட ஏற்றத்தில் பெட்டி கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே தவித்தால் மேனுவல் முறைக்கு மாற்றி ஒரு கியர் குறைத்துப் பிடியுங்கள். கன்வர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் எண்ணெய்ச் சூடு இறங்கும். சூட்டு எச்சரிக்கை வந்தால் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. ஓரங்கட்டி, நியூட்ரலில் 1,200–1,500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடவிட்டால்தான் எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றும். சரிவில் நிறுத்தும்போது முதலில் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகே "பி". தலைகீழாகச் செய்தால் மூன்றரை டன்னும் "பி"யில் பெட்டியைப் பூட்டும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும். காலையில் எடுக்கும்போது "டங்" என்று கேட்பது அதுதான்.

சிறிய கேம்பர் வேன்களில் வரும் இரட்டைக் கிளட்ச் பெட்டி தனி ரகம். எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் என்றால் தாங்கும், எண்ணெயும் வடிகட்டியும் குறித்த காலத்தில் மாற்றியதற்கு ரசீது இருக்க வேண்டும்.

சரி, மேனுவல் வீரர்களே, உங்களிடமும் வருகிறேன். "மேனுவல்தான் சிக்கனம், ரிப்பேரே வராது" என்கிறீர்களே, எஞ்சின் அதிர்வை ஸ்பிரிங் வைத்துத் தாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலை மறந்துவிட்டீர்களா? ஆறாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் எஞ்சினைத் திணறடித்து டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓட்டினால், அந்த ஃப்ளைவீலின் ஸ்பிரிங்குகள் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். டாப் கியரில் 1,500க்குக் கீழே இறங்க விடாதீர்கள். எஞ்சினை அணைக்கும்போது கடகட சத்தம், புறப்படும்போது அதிர்வு வந்தால் ஃப்ளைவீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாற்றுவதென்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் பெரிய கூலி. அதற்கும் மூன்று மீட்டர் உயர வண்டியை உள்ளே விட்டு மூன்றரை டன்னைத் தூக்குகிற லிஃப்ட் வேண்டும். காரை வழக்கமாக விடும் பட்டறையில் இது நடக்காது.

மலை இறக்கத்தில் மேனுவல்தான் பாதுகாப்பு என்பதும் அரைகுறைப் பேச்சு. ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், ஆட்டோவிலும் கையால் குறைக்கலாம். "டி"யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் எரியும். ஈரம் ஏறிய டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கியிருக்கலாம், அது கொதித்தால் பிரேக் பிடிக்காது. ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றாதவர் எந்தக் கியர்பாக்ஸ் பற்றியும் பேசக் கூடாது.

ஆகவே அடுத்த டெஸ்ட் டிரைவில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள், நாலு பேர் ஏறுங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஏற்றத்தில் ரிவர்ஸில் ஐந்து மீட்டர், நடை வேகத்தில். நிறுத்துங்கள், மறுபடி ஐந்து மீட்டர். அதிர்வு இருக்கிறதா, வாடை வருகிறதா, விட்டுவிட்டுக் குதிக்கிறதா? விற்கிறவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்படியே, வண்டி வழியில் நின்றால் யார் தூக்குவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியை ஓட்டுசக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் பம்பும் ஓடாது, சுழலும் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் தேயும். ஏஎம்டி கியரில் நிற்கும்போது பேட்டரி செத்தால் நியூட்ரலுக்கே வராது, மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரி சாவது புதுமையா? முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கலாம் என்றால், பின்னால் நீண்டு தொங்கும் பகுதி தரையில் உரசும். மிச்சம் இருப்பது தட்டையான மீட்பு லாரி மட்டும்தான். உங்கள் காப்பீட்டில் அந்த லாரி உண்டா, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை கிலோ வரை என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.