சொல்லிவிட்டுத் தொடும் கை

அருணா ஷான்பாக்கைப் பார்த்துக்கொண்ட மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸுகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். படித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அருணா, 1973 நவம்பரில், அங்கேயே நர்ஸாக இருந்தபோது தாக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தவர். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை அந்த வார்டுதான் அவருக்கு வீடு.

படுக்கைப் புண் வராமல் காத்தார்கள் என்ற ஒரு வரியைப் பலர் சாதாரணமாகக் கடந்துபோகலாம். என்னால் முடியவில்லை. என் அம்மா பக்கவாதத்தில் கிடந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொன்னார்கள். வீட்டில் மூன்று பேர் இருந்தும் மூன்றாவது வாரமே இடுப்புப் பக்கம் தோல் சிவந்துவிட்டது. இவர்கள் செய்தது 41 வருஷத்துக்கு மேல்!

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு சிஸ்டர், "பாட்டி, இப்ப இடது பக்கமா திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அம்மாவுக்குப் பேச்சே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

2011-இல் அருணாவுக்கான கருணைக்கொலை மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றமும் கேஇஎம் ஊழியர்களை மனதாரப் பாராட்டியது. அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அதன்பின், அவர் நடந்து பார்த்தே இராத இளம் பெண்கள் வந்து அவருக்குச் சோறு ஊட்டினார்கள்.