உதவி கேட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்களா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டார வாட்சாப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "ஹார்வர்டுக்கு மனுப் போடும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பண உதவி கேட்டால், படித்தே பார்க்காமல் தள்ளிவிடுவார்கள். 'வேண்டாம்' என்றே போடுங்கள்."

தவறு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களையும் குடும்ப வருமானம் பார்க்காமல்தான் தேர்ந்தெடுக்கின்றன. இடம் கிடைத்தால், குடும்பத்தால் கட்ட முடியாததை அவையே ஈடுகட்டுகின்றன. இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு: ஹார்வர்டில் நூற்றுக்கு நான்கு பேர் தேறினாலே அதிகம்.

புரளிக்கு ஒரு வேர் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு போன்ற சில இடங்களில் வெளிநாட்டவர் உதவி கேட்பதையும் கணக்கில் எடுப்பார்கள். சரி, அங்கேயாவது 'வேண்டாம்' என்று போடலாமா? போட்டால் படித்து முடிக்கும்வரை அங்கே உதவி கேட்கவே முடியாது. நாலு வருடச் செலவை யார் கட்டுவது?

எங்கள் லயத்துப் பையன் ஒருவன், செம்பனைக் குலை வெட்டும் அப்பாவின் சம்பளச் சீட்டை வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தான். கசங்கி, எண்ணெய்க் கறையோடு இருந்தது. உதவி மனுவுக்கு வேண்டிய பத்திரமே அதுதான். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். அப்புறம், மனுக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.