பந்தியில் பல்செட்டைக் கழற்றிய ஆயாவைப் பற்றி

பாலக்கோடு பக்கத்து மண்டபத்தில் எடுத்த அந்த வீடியோவை நம் வட்டத்தில் இந்நேரம் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், அதை நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. பந்தியில் உட்கார்ந்த ஓர் ஆயா, இலையில் சோறு விழுந்ததும் கீழ்ப்பல்செட்டைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்குகிறார். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பின்னணி இசை சேர்த்துச் சிரித்தவர்களை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். எனக்குப் பொறுக்காமல் போனது, கீழே வந்த அறிவுரைகள். "இலவசமாகக் கட்டிக் கொடுத்தால் அருமை தெரியாது" என்றார் ஒருவர். அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள். போதாததற்கு, அந்த ஆயாவுக்கு இலவசமாகப் பல் கட்டிக் கொடுத்த முகாமை நடத்தியவர்களே வந்து, தங்கள் முகாமில் பயன்பெற்ற அனைவரும் முழுத் திருப்தியுடன் இருக்கிறார்கள் என்றும், இந்த அம்மாவுக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்றும் விளக்கம் எழுதி, விழா நாளில் மூத்தோரை வரிசையாக உட்காரவைத்துச் சிரிக்கச் சொல்லி எடுத்த படத்தையும் சான்றாக இணைத்திருக்கிறார்கள்.

அந்த முழுத் திருப்தியை யார், எந்த நாளில், எதைக் கேட்டு அளந்தார்கள் என்று அங்கேயே பணிவாகக் கேட்டேன். பதில் வரவில்லை, என் கேள்விதான் காணாமல் போனது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பல் கட்டிக்கொண்டதில் திருப்தியா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்த வாய்க்குச் சொந்தக்காரர். அதுவும் பல்லைக் கையில் வாங்கிய மேடையில் அல்ல, அந்தப் பல்லோடு சாப்பிட்டு, பேசி, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எழுந்த பிறகு. கட்டியவரின் திருப்தி வேறு, நன்கொடை கொடுத்தவரின் திருப்தி வேறு, படம் எடுத்தவரின் திருப்தி முற்றிலும் வேறு. இந்த மூன்றையும் கூட்டினாலும் அந்த ஆயாவின் திருப்தி வந்துவிடாது.

"உனக்கென்ன தெரியும், நீ என்ன பல் மருத்துவரா?" என்று கேட்பீர்கள். இல்லை, பள்ளி ஆசிரியர். ஆனால் பல்செட் எப்படி நிற்கிறது என்பது ரகசியக் கலை அல்ல. எந்தப் பல் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். மேல்செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்வதால், இடையில் இருக்கும் மெல்லிய எச்சில் படலத்தின் உதவியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்த வசதி கிடையாது. லாட வடிவத்தில் ஒரு குறுகிய மேட்டின்மேல் அது உட்கார்ந்திருக்க, உள்ளே நாக்கு தள்ளும், வெளியே கன்னமும் உதடும் தள்ளும். பல் போன பிறகு அந்த மேடும் நிலையாக இருப்பதில்லை. தாடை எலும்பு முதல் ஆண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாக ஆயுள் முழுவதும் கரைந்துகொண்டே போகும். பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. ஆகவே நன்றாகச் செய்த கீழ்செட்டே நாளாக நாளாக ஆடும்; உள்பக்கத்துக்கு மறுபடி பூச்சுக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டியிருக்கும். முழுசெட் போட்டவரின் கடிக்கும் வலு, இயற்கைப் பல் உள்ளவரின் வலுவில் கால்வாசி இருந்தாலே பெரிது. உலகம் முழுக்கப் பல்செட் அணிந்தவர்கள் அதிகமாகக் குறை சொல்வது கீழ்செட்டைத்தான். அந்த ஆயா கழற்றியதும் கீழ்செட்டைத்தான், மேல்செட்டை அல்ல, என்பதை வீடியோவை ஆயிரம் முறை பார்த்தவர்களில் ஒருவராவது கவனித்தீர்களா?

முழுசெட் ஒன்றை முறையாகச் செய்வதென்றால் முதல் அளவு, துல்லிய அளவு, மேல் கீழ்த் தாடைகளின் பொருத்தம், மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது, பிறகு கொடுப்பது என்று நான்கைந்து முறை வந்துபோக வேண்டும். கொடுத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த இடம் ஈற்றை அழுத்திப் புண்ணாக்குகிறது என்பது அடுத்தடுத்த நாட்களில்தான் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்துக் கொடுக்க மருத்துவர் வேண்டும். முகாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு அந்த ஆயா யாரிடம் போய் வாயைத் திறந்து காட்டுவார்? பிளெக்ஸ் பேனரிடமா?

என் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதிக்கோ, போட்டோ மட்டும் போடாதே" என்றார். காரிமங்கலம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டு எங்களை வளர்த்தவர். அவருக்குப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது வெளியே தெரியவே இல்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்துச் சாப்பாடு அப்படி. களியை இங்கே யாரும் மெல்வதில்லை; உருட்டி, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தொட்டு விழுங்குவதுதான் வழக்கம். பல்லே இல்லாத ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டுவிட முடியும். "களி தின்கிற வாய்க்குப் பல் எதற்கு?" என்று எங்கள் உறவினர் ஒருவர் பகடியாகக் கேட்டதும் உண்டு, அவருக்கு அன்றைக்கு அது நல்ல நகைச்சுவையாகத் தோன்றியிருக்கும். அம்மா முதலில் வறுத்த கடலையை விட்டார், பிறகு மாங்காய்ப் பத்தையை, பிறகு நாட்டுக்கோழியை. அப்புறம் பந்தியையே விட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால், "மொய்யை நீயே கொண்டுபோய் எழுதிட்டு வந்துடு" என்பதோடு சரி.

அம்மா முதலில் போய்ப் பல் கட்டிக்கொண்ட இடத்தில், வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில், "பழகிக்குங்கம்மா". வாய்க்குள் கல்லை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருக்கிறது என்று அவர் சொன்னதை அங்கே யாரும் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. வேறொரு இடத்தில் இருந்த இளம் பெண் மருத்துவர், நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்பே, "என்ன சாப்பிடணும்னு ஆசைம்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "கடலை" என்றார். அந்த மருத்துவர் சிரிக்கவில்லை. வறுத்த கடலை கஷ்டம், வேகவைத்ததற்கு முயன்று பார்க்கலாம், முன்பல்லால் கடிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மெல்ல வேண்டும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செட்டின் உள்பக்கம் ஒரு பசையைத் தடவி வாயில் வைத்துப் பார்த்து, அழுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்தார். மறுபடி வரச் சொன்னார். வந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. இன்றைக்கு அம்மா வேகவைத்த கடலை சாப்பிடுகிறார், கல்யாணத்துக்குப் போகிறார். கோழிக்கறி என்றால் கீழ்செட்டைக் கழற்றி வைத்துவிடுகிறார். திருப்தியா என்று கேட்டால், "பேச்சுக்குப் போட்டுக்கறேன், சோத்துக்குக் கழட்டிக்கறேன், உனக்கென்னடா?" என்கிறார்.

இதைவிடத் தெளிவான திருப்தி அறிக்கையை எந்த முகாமும் வெளியிட்டதில்லை. கழற்றுவது தோல்வி அல்ல, நன்றிகெட்ட செயலும் அல்ல. பல்செட் எதற்குத் தனக்கு உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்று அதை அணிபவர் தீர்மானிப்பது அது. கன்னம் ஒட்டிப் போகாமல் இருக்கவும், வார்த்தை காற்றாகப் போகாமல் இருக்கவும் பல் கட்டிக்கொள்கிற மனிதர்கள் நிறையப் பேர். சாப்பிடும்போது கழற்றினால் உங்கள் நன்கொடை கெட்டுப்போகுமா?

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. வாய் நலத்தால் ஒருவரின் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதை அளக்க 1997ஆம் ஆண்டில் சிலேடு என்ற ஆய்வாளர் பதினான்கே கேள்விகள் கொண்ட ஒரு சுருக்கப் படிவத்தை வெளியிட்டார். இன்றும் பல நாடுகளில் அது பயன்பாட்டில் இருக்கிறது. பேசுவதில் சிரமம் உண்டா, ருசி குறைந்ததா, வாயை நினைத்துக் கூச்சமாக இருக்கிறதா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்ததா என்று எல்லாமே அணிபவரைக் கேட்கும் கேள்விகள். பல் வெள்ளையாக இருக்கிறதா, படத்தில் நன்றாக விழுகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. மருத்துவர் தரும் மதிப்பெண்ணும் நோயாளியின் திருப்தியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை என்பது இந்தத் துறையில் மீண்டும் மீண்டும் பதிவான விஷயம். படிவம் அச்சடிக்கக்கூட வேண்டாம். ஒரு மாதம் கழித்து நான்கு கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம்.

"வயதானவர்களுக்குப் பொறுமை இல்லை, பழக நாளாகும்" என்பதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. புதுசெட்டுக்கு நாக்கும் கன்னமும் பழகச் சில வாரங்கள் ஆகும். ஆனால் பழக்கத்தால் தீரும் சிரமத்துக்கும், தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய புண்ணுக்கும் வேறுபாடு இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே இரண்டுக்கும் பொறுமையை மருந்தாக எழுதிக் கொடுப்பது யாருடைய பொறுமையின்மை?

"இம்ப்ளாண்ட் வைத்தால் முடிந்தது" என்று ஓசூரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்லது. கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது வேர் போன்ற உலோகத் திருகு, வைத்து அதன்மேல் செட்டைப் பிடிக்கவைப்பதே பல் முழுவதும் போனவர்களுக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டிலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள். மாதா மாதம் முதியோர் உதவித்தொகை வாங்கும் ஆயாவிடம் அதை நண்பரே போய்ச் சொல்லட்டும்.

"இலவசமாகச் செய்பவர்களைக் குறை சொன்னால் நாளைக்கு யார் செய்வார்கள்?" என்ற கேள்விதான் உள்பெட்டியில் அதிகம் வந்தது. இலவசமாகக் கொடுத்த செருப்பு கடித்தால், கடிக்கிறது என்று சொல்லக்கூடாதா? பக்கத்துக் கர்நாடகத்தில் ஏழை மூத்தோருக்குப் பல்செட் தர அரசே 'தந்த பாக்யா' என்று திட்டம் வைத்தது. கேரளத்தில் 'மந்தஹாசம்' இருக்கிறது. மூத்தோரின் பல் அரசு பொறுப்பெடுக்க வேண்டிய உடல்நல விஷயம் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நாம் அதைப் பிச்சையாகக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் எப்படி நன்றி காட்ட வேண்டும் என்பதற்கும் பாடம் நடத்துகிறோம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பிறந்தவனுக்குப் பல் என்பது எப்போதுமே கூச்சத்தோடு சேர்ந்த விஷயம். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய புளோரைடு கலந்த கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் பல் உருவாகும்போதே ஏறிய கறை அது. எந்தப் பற்பொடியாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வளர்ந்த எங்கள் தலைமுறை, வெளியூர்க் கல்லூரியில் வாயைத் திறந்ததும், "தர்மபுரியா?" என்ற கேள்வியைக் கேட்டுத் தலைகுனிந்தது. என் கல்லூரிக் குழுப் படம் எதிலும் நான் உதட்டைப் பிரித்ததில்லை. அந்த ஆயாவின் வயதுப் பெண்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முன் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றவர்கள். வாழ்நாள் முழுக்க மூடிய வாயை, வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பதற்காக அத்தனை பேர் நடுவில் ஒரு பெண் வெட்கப்படாமல் திறந்திருக்கிறார். அதைத்தான் நீங்கள் படம் பிடித்து, இசை சேர்த்துச் சுற்றுக்கு விட்டீர்கள். இனி அடுத்த கல்யாணத்துக்கு அவர் வருவாரா? வந்தாலும் பந்தியில் உட்காருவாரா, அல்லது என் அம்மா முன்பு செய்தது போல மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவாரா?

"வீடியோ எடுத்தவன் சின்னப் பையன், பெரிதுபடுத்தாதீர்கள்" என்கிறார்கள். பையனைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அவனைவிட இருமடங்கு வயதுள்ளவர்கள் கீழே எழுதியதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முகாம் நடத்தியவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். என் பதிவுகளை அவர்கள் தவறாமல் படிக்கிறார்கள், பதில்தான் எழுதுவதில்லை. அன்றைக்குப் பல் வாங்கியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. செட் கொடுத்த அதே பள்ளி வளாகத்தில், ஒரு மருத்துவரையும் தேய்க்கும் கருவியையும் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மறுபடி அழையுங்கள். தேதியை அறிவித்தால், சுற்று ஊர்களிலிருந்து அவர்களை அழைத்து வருவதற்கான வண்டிச் செலவை நானும் என் நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம். அந்த ஆயாவின் வீட்டுக்கு நானே நேரில் போய், வருகிறாரா என்று கேட்கிறேன். வர விருப்பமில்லை என்று அவர் சொன்னால், அதையும் உங்கள் பதிவேட்டில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மேடையும் புகைப்படக்காரரும் தேவையில்லை.